வாடகையைக் கேக்க முதல் கிணத்தை எட்டிப் பாருங்கோ: யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட வீடு எடுக்கிறவைக்கு

கொழும்பிலை இருந்து மாற்றலாகி வாற ஆக்கள், "கொஞ்சநாள் ஊரிலை இருந்து பாப்பம்" எண்டு வெளிநாட்டிலை இருந்து வாறவை, புதுசாக் கலியாணம் கட்டினதுகள் எண்டு ஆர் ஆரோ என்னட்டைக் கேக்கிறது ஒரே கேள்விதான், யாழ்ப்பாணத்திலை எந்தப் பக்கம் வாடகை குறைவு எண்டு. நான் ஒன்பது வருசத்திலை நாலு வீடு மாறின ஆள், திருநெல்வேலி (யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிதான்), பேந்து கொக்குவில், பேந்து சுன்னாகம், இப்ப கோண்டாவில், அதாலை ஒவ்வொருத்தருக்கும் போனிலை கதைச்சுக் களைச்சுப்போய் ஒரேயடியா எழுதி வைக்கிறன். வாடகை குறைவான வீடு எண்டு ஒண்டு இல்லை, வாடகையாப் போக வேண்டிய காசு வேற எங்கையோ போகுது, அது எங்கை போகுது எண்டு கையெழுத்து வைக்க முதல் கண்டுபிடிக்கிறதுதான் விசயம்.

முதல் தண்ணி. நாங்கள் திருநெல்வேலியாலை வெளிக்கிட்டு ரெண்டாவதா எடுத்த வீடு நல்ல வடிவான வீடு, விறாந்தை, ரெண்டு அறை, பின்வளவிலை ரெண்டு தென்னை, வாடகையும் அந்த ஒழுங்கையிலை மற்ற வீடுகளை விடக் குறைவு. நாங்களும் அதிஸ்டம் எண்டு நினைச்சு ஒரு வருச முற்பணத்தைக் குடுத்திட்டம். குடிபோய் மூண்டாம் நாள் பாத்தா கேத்திலிலை வெள்ளையாப் படிஞ்சு கிடக்குது, ரெண்டு மாதத்திலை பம்மிலை பிரச்சினை, சித்திரை வெயிலுக்குத் தண்ணி உவராகி வாயிலை வைக்கேலாது. குடிக்கிறதுக்கு ஆர்.ஓ. (வடிகட்டின) தண்ணி கான் கான் ஆக் கடையிலை வாங்கினம், குளிக்கிறதுக்கு மட்டும் கிணறு. அந்தத் தண்ணிக் காசையும் பம் திருத்தின காசையும் வருசக் கடைசியிலை கூட்டிப் பாத்தா பக்கத்து வீட்டுக்காரர் குடுத்த வாடகையைத் தாண்டி நிண்டது.

குடாநாட்டிலை ஆறு எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, மாரியிலை மட்டும் ஓடுற வழுக்கியாறை விட்டால் முழுக்க நிலத்தடித் தண்ணிதான், அதுவும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளை நிக்கிற தண்ணி. கல்லு ஓட்டை ஓட்டையா இருக்கிறதாலை மேலை என்ன ஊத்தினாலும் கீழை போய்ச் சேரும், தோட்டத்துக்குப் போடுற உரம், மலசலகூடக் குழி, கடற்கரைப் பக்கம் எண்டால் உவர். சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளிலை கழிவு எண்ணெய் கண்டு சனம் பட்ட பாடு பத்து வருசத்துக்கு முதல் பேப்பர் வாசிச்ச எல்லாருக்கும் தெரியும். 2024 இலை தாழையடியிலை கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் திறந்தாப் பிறகு சில இடங்களுக்குக் குழாய்த் தண்ணி வருது, ஆனா நீங்கள் பாக்கிற ஒழுங்கைக்கு வருதோ, அந்த வீட்டுக்கு இணைப்பு எடுத்திருக்கோ எண்டதை வீட்டுக்காரரைக் கேக்காமல் பக்கத்து வீட்டைக் கேளுங்கோ. வீட்டுக்காரர் "கெதியிலை வரும்" எண்டுதான் சொல்லுவார்.

ஆகவே வீடு பாக்கப் போகேக்கை நேரே கிணத்தடிக்குப் போங்கோ. வீட்டுக்காரரே ஆச்சரியப்படுவார், பரவாயில்லை. ஒரு வாளி அள்ளி வாயிலை வைச்சுப் பாருங்கோ, ஒரு போத்திலிலை பிடிச்சுக்கொண்டு போய் வீட்டிலை காய்ச்சிப் பாருங்கோ, சவுக்காரம் நுரைக்குதோ பாருங்கோ. மலசலகூடக் குழி எங்கை எண்டு கேளுங்கோ, உங்கட வளவிலை உள்ளதை மட்டும் இல்லை, மதிலுக்கு அங்காலை உள்ள வீட்டின்ர குழியையும். பொதுவா 50 அடி தள்ளி இருக்கோணும் எண்டு சொல்லுவினம், ரெண்டு பரப்புக்குள்ளை (5,400 சதுர அடி சொச்சம்) வீட்டையும் கட்டி வாடகைக்கு அனெக்ஸும் (ஒட்டின சின்ன வீடும்) கட்டின இடங்களிலை 50 அடிக்கு எங்கை போறது. சின்னப் பிள்ளை இருக்கிற வீடெண்டால் தண்ணியைப் பரிசோதனைக்குக் குடுத்து நைத்திரேற்று எவ்வளவு எண்டு பாக்கிறது கட்டாயம், காய்ச்சினா உது போகாது.

எந்த மாதத்திலை வீடு தேடுறது எண்டதும் ஒரு கணக்கு. ஆடி ஆவணியிலை தேடாதேங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாள், வெளிநாட்டுக்காரருக்குப் பிள்ளையளின்ர பள்ளிக்கூட லீவும் அப்பத்தான், நாளுக்கு இவ்வளவு எண்டு குடுத்தே உழைக்கிற வீட்டுக்காரர் உங்களுக்கு மாதத்துக்குத் தரமாட்டார், தந்தாலும் விலையைக் கேட்டா நெஞ்சு அடைக்கும். அதைவிட மோசம், திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் கம்பஸ் பொடியள் பெட்டையள் அறை தேடுற நேரமும் சேந்துதெண்டால் குடும்பத்துக்கு எண்டு கேக்கிற வீட்டையே அறை அறையாப் பிரிச்சுக் குடுத்தால் கூடக் காசு எண்டு ஆக்கள் கணக்குப் பாக்கத் தொடங்கிடுவினம். நான் சொல்லுறது ஐப்பசி கார்த்திகை. மழை பெய்யேக்கை போய்ப் பாருங்கோ. எந்த ஒழுங்கையிலை தண்ணி முழங்கால் மட்டுக்கு நிக்குது, எந்த வீட்டுக் கக்கூஸ் அடைக்குது, எந்தக் கூரை ஒழுகுது எண்டு ஒருத்தரும் சொல்லாமலே தெரியும். 2024 கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு சில வீட்டுச் சுவரிலை தண்ணி நிண்ட கோடு இருந்தது, அதுக்கு மேலை புதுசாப் பெயின்ற் அடிச்சிருந்தால் ஏன் கீழ் அரைவாசிக்கு மட்டும் அடிச்சது எண்டு கேளுங்கோ.

இனி தூரம். ரவுணுக்குக் கிட்ட எண்டால் வாடகை கூட, தள்ளிப் போனாக் குறைவு, இது குழந்தைக்கும் தெரியும், ஆனா எவ்வளவு தள்ளினால் லாபம் எண்டதை ஒருத்தரும் கடதாசியிலை போட்டுப் பாக்கிறேல்லை. கொக்குவிலிலை இருந்து யாழ்ப்பாண ரவுணுக்கு நாலு கிலோமீற்றர் எண்டு வைப்பம், சுன்னாகத்திலை இருந்து பத்து. மாதத்துக்கு 24 நாள் வேலை, மோட்டசைக்கிள் லீற்றருக்கு 40 ஓடும், பெற்றோல் லீற்றர் 300 எண்டு வைச்சால், கொக்குவில்காரருக்கு மாதம் 1,440 ரூபா, சுன்னாகத்துக்காரருக்கு 3,600 ரூபா. வித்தியாசம் 2,160. மனுசனும் மனுசியும் தனித்தனிய ஓடினால் 4,320. அப்ப வாடகை அஞ்சாயிரம் குறைவு எண்டு சுன்னாகம் போனா மிஞ்சுறது 680 ரூபா, பத்தாயிரம் குறைவெண்டால் போகலாம். இது ரியூசனைக் கணக்கிலை எடுக்காமல். பிள்ளை ஓ.எல். (சாதாரண தர) வகுப்பெண்டால் பின்னேரத்திலை ரெண்டாந்தரம் ஏத்தி இறக்கோணும், அங்கைதான் கணக்குக் கிழியும். நாங்கள் சுன்னாகத்தாலை வெளிக்கிட்டதே மூத்தவளின்ர ரியூசனாலைதான், வாடகையாலை இல்லை.

ஆனா காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) றோட்டுப் பக்கம் ஒரு வசதி இருக்கு, பாதிச் சனம் அதைப் பாவிக்கிறேல்லை. 2015 தை மாதத்திலை இருந்து ரெயில் திருப்பிக் காங்கேசன்துறை மட்டும் ஓடுது, கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை எண்டு ஸ்ரேசன் வழிநெடுக இருக்கு. கந்தோர் நேரத்துக்குப் பொருந்திற ரெயில் இருந்து, உங்கட வேலையிடமும் யாழ்ப்பாண ஸ்ரேசனுக்கு நடை தூரம் எண்டால், சீசன் ரிக்கெற் எடுத்துப் பாருங்கோ. நேர அட்டவணையை முதலே விசாரியுங்கோ, ஒரு ரெயில் விட்டால் பேந்து றோட்டிலை நிண்டு மினிபஸ்ஸுக்குக் கை காட்ட வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு சொல்லு. ரவுணிலை உள்ள பேர்போன பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கோணும் எண்டே ஆக்கள் ரெண்டு மடங்கு வாடகை குடுக்கினம். மானிப்பாய் இந்து, கொக்குவில் இந்து, சுன்னாகத்திலை ஸ்கந்தவரோதயா, உடுவில் மகளிர், மருதனார்மடத்திலை இராமநாதன் கல்லூரி எல்லாம் ரவுணுக்குள்ளையோ இருக்குது? அந்த மிச்சக் காசிலை பிள்ளைக்கு என்னவெல்லாம் செய்யலாம். சரி, இது என்ர அபிப்பிராயம், மனுசி ஒத்துக்கொள்ள மாட்டா.

கரண்ட் மீற்றரைப் பாக்காமல் மேல்மாடியோ அனெக்ஸோ எடுக்காதேங்கோ, இது கிணத்துக்கு அடுத்த பெரிய பொறி. வீட்டுப் பாவனைக்குப் போடுற மின்சாரக் கட்டணம் படிப்படியா ஏறுறது, மாதம் 60 யூனிற்றுக்குள்ளை நிண்டால் ஒரு கணக்கு, 60 தாண்டினால் முதல் யூனிற்றிலை இருந்தே வேற கணக்கு, நிலையான கட்டணமும் கூட. உங்கட குடும்பம் 55 யூனிற், கீழை வீட்டுக்காரர் 55 யூனிற் எண்டு வையுங்கோ. தனித்தனி மீற்றர் எண்டால் ரெண்டு பேருமே மலிவுப் பக்கத்திலை. ஒரே மீற்றர் எண்டால் 110, ரெண்டு பேரும் தண்டம் கட்டுறது மாதிரி. உள்ளுக்கை ஒரு சின்ன மீற்றரைப் பூட்டிப்போட்டு "நீங்கள் எரிச்சதுக்கு மட்டும் தாங்கோ" எண்டு சொல்லுவினம், கேக்க நியாயமாத்தான் இருக்கும், ஆனா யூனிற் விலை ஏறினது ரெண்டு பேரும் சேந்ததாலை எண்டதை அந்தச் சின்ன மீற்றர் காட்டாது. பம் ஆற்ற மீற்றரிலை ஓடுது எண்டதையும் பாருங்கோ.

சாப்பாட்டுச் செலவிலை சுத்துப்புற ஊர்களுக்கு ரவுணை விட நல்ல லாபம் இருக்கு. திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் மூண்டு சந்தையும் தோட்டக்காரர் நேரே கொண்டுவாற இடங்கள், விடிய வெள்ளணப் போனால் மொத்தமா வாங்கிறவையோட சேந்து வாங்கலாம், பத்து மணிக்கு மேலை போனால் அதே கத்தரிக்காய் வேற விலை. முருங்கைக்காய் சீசனிலை காசு குடுத்து வாங்கிறவனைப் பாத்து ஊர் சிரிக்கும், வளவிலை ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் நிக்கிற வீடாப் பாத்து எடுங்கோ. மீனுக்குச் சூடை, நெத்தலி, கீரி, ஓரா எண்டு சின்னன்களைப் பழகினால் மாதக் கணக்கு இறங்கும், பாரையும் அறக்குளாவும்தான் மீன் எண்டு கொழும்பிலை பழகிப்போட்டு வந்தவை ரெண்டு மாதம் கஸ்ரப்படுவினம். காஸைப் பற்றி: 2022 இலை சிலிண்டருக்கு வரிசையிலை நிண்ட எவரும் விறகடுப்பு வைக்க இடமில்லாத குசினியை வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். பனைமட்டையும் பொச்சுமட்டையும் காசில்லாத சாமான். பின்வளவிலை ஒரு கொட்டில் இருக்கோ எண்டு பாருங்கோ.

சரி, வீடு பிடிச்சிட்டுது. இப்ப வீட்டுக்காரர் உங்களைப் பாப்பார். "நீங்கள் எந்த ஊர்? அப்பா எந்தப் பகுதி? கோயில் எது?" எண்டு வரும். உது என்னத்துக்குக் கேக்கினம் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறந்து சொல்லமாட்டினம். எனக்கு ஒருக்கா ஊரின்ர பேரைச் சொன்ன உடனை "அண்ணை, வீடு தம்பியாக்களுக்கு வேணுமாம்" எண்டு முடிஞ்சது, அந்த வீடு பேந்து எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. கோயிலுக்குக் கிட்ட எண்டால் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கக் கூடாது எண்டும் சொல்லுவினம், அதை முதலே கேட்டுத் தெளியுங்கோ, குடிபோனாப் பிறகு கருவாடு பொரிச்சுச் சண்டை பிடிக்கிறதிலை பிரயோசனமில்லை.

முற்பணம் ஆறு மாதம், ஒரு வருசம் எண்டு கேப்பினம். வெறும் கடதாசியிலை எழுதிச் சமாதான நீதவானிட்டைச் சீல் அடிச்சாக் காணும் எண்டு நிறையப்பேர் நம்பீனம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னாலை எழுதினாத்தான் சட்டத்துக்கு முன்னாலை நிக்கும், இது 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலை இருந்து வாற விசயம். வீட்டுக்காரர் வெளிநாட்டிலை, திறப்பு அவற்ற மாமாவிட்டை எண்டால் இன்னும் கவனம், மாமாவிட்டை அற்றோணித் தத்துவம் (சொந்தக்காரருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) இருக்கோ எண்டு பாருங்கோ, சொந்தக்காரரோட ஒருக்கா வீடியோவிலை கதையுங்கோ. இல்லாட்டி ஆவணியிலை அவர் கனடாவாலை வந்து இறங்கி "ஆர் நீங்கள்?" எண்டு கேப்பார்.

ஒத்திக்கு எடுக்கிறதைப் பற்றியும் கேக்கினம். ஒரு தொகையைக் குடுத்திட்டு வாடகை இல்லாமல் இருக்கிறது, விடேக்கை அந்தத் தொகை திருப்பி வரும். கணக்குச் சிம்பிள். 30 லட்சம் குடுக்கிறியள், அதை வங்கியிலை போட்டால் 8 வீத வட்டி எண்டு வைச்சால் வருசம் 240,000, மாதம் 20,000. அந்த வீட்டுக்கு வாடகை 25,000 எண்டால் ஒத்தி லாபம், 15,000 எண்டால் நட்டம். ஒத்திக் காசை நகை அடைவு வைச்சோ மீற்றர் வட்டிக்கோ (நாளுக்கு நாள் ஏறுற வட்டி) எடுக்கிறது விசர் வேலை. எழுத்து நொத்தாரிசிட்டை எழுதிக் காணிப் பதிவகத்திலை பதியுங்கோ, எழுத முதல் அந்தக் காணி ஏற்கெனவே வங்கியிலை ஈட்டிலை கிடக்குதோ எண்டும் அங்கையே பாருங்கோ.

காணி வாங்கிக் கட்டுறவைக்குத் தனிய ஒரு கட்டுரை எழுதோணும், ஆனா முக்கியமானதைச் சொல்லிப்போடுறன். கொழும்பிலை பேர்ச் கணக்கு, இங்கை பரப்புக் கணக்கு. ஒரு பரப்பு 10 பேர்ச், 2,722 சதுர அடி சொச்சம், 16 பரப்பு ஒரு ஏக்கர், 18 குழி ஒரு பரப்பு. "பரப்பு இவ்வளவுதான்" எண்டு புறோக்கர் சொல்லேக்கை கொழும்புக்காரருக்கு மலிவாத் தெரியும், வெளிநாட்டுக் காசை ரூபாவாக்கிப் பாக்கிறவைக்கு இன்னும் மலிவு, அந்த ரெண்டு பேரும்தான் உள்ளூர்ச் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்துக்கு விலையைக் கொண்டு போனது. கோவிக்காதேங்கோ, என்ர தங்கச்சியும் சுவிஸிலைதான்.

உறுதியை (காணிப் பத்திரத்தை) வாங்கி நீங்களே ஒருக்கா இருந்து வாசியுங்கோ. "பிரிபடாத பங்கு" எண்டு இருந்தால் சகோதரங்கள் எத்தினை பேர், எங்கை எங்கை எண்டு கேளுங்கோ. தேசவழமையிலை (யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்குச் சட்டம்) கூட்டுச் சொந்தக்காரருக்கும் விக்கிறவற்ற வாரிசுக்காரருக்கும் முதல் வாங்கிற உரிமை இருக்கு, அதுக்கு 1947 ஆம் ஆண்டு தனிச் சட்டமே இருக்கு, அவைக்கு முறைப்படி அறிவிக்காமல் வாங்கினால் நீங்கள் அத்திவாரம் போட்டாப் பிறகு நீதிமன்றத்தாலை கடிதம் வரும். தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் கட்டின பெண் பிள்ளை தன்ர சீதனக் காணியை விக்கிறதெண்டால் புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும். இந்தக் காலத்திலையும் அப்பிடியோ எண்டு கேப்பியள், ஓம் அப்பிடித்தான். ஆட்சியுறுதி (கனகாலம் ஆண்டதை வைச்சு எழுதின உறுதி) எண்டால் இடம்பெயர்ந்து போன சொந்தக்காரர் எவரும் இருக்கினமோ எண்டு விதானையாரிட்டையும் (கிராம அலுவலர்) அயலிலை உள்ள பழைய ஆக்களிட்டையும் விசாரியுங்கோ. அரசாங்க பெர்மிட் காணியை உறுதிக்காணி மாதிரி வாங்கேலாது, ஆர் என்ன சொன்னாலும்.

காணி விலையோட முடியாது, முத்திரைத் தீர்வை இருக்கு, முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 லட்சத்துக்கு 199,000 ரூபா, நொத்தாரிசு காசு வேற, நில அளவைக்காரருக்கு வேற. "உறுதியிலை தொகையைக் குறைச்சுப் போடுவம்" எண்டு சொன்னால் ஓம் எண்டாதேங்கோ, பேந்து மதிப்பீடு பாத்து மிச்சத்தைக் கட்டச் சொல்லி வரும். கட்டிட அனுமதிக்கு எந்தச் சபை எண்டு பாருங்கோ, திருநெல்வேலி, கொக்குவில் எண்டால் நல்லூர்ப் பிரதேச சபை, மானிப்பாய் எண்டால் வலிகாமம் தென்மேற்கு, சுன்னாகம் எண்டால் வலிகாமம் தெற்கு, ஒழுங்கை அகலம் காணாதெண்டால் காணி எவ்வளவு மலிவா இருந்தும் பிரயோசனமில்லை, டிப்பரும் உள்ளை வராது, ஒழுங்கை முகப்பிலை கொட்டின மண்ணைத் தள்ளுவண்டிலிலை ஏத்திற கூலியே தனிச் செலவு.

2012 இலை தொடங்கின இந்திய வீட்டுத்திட்டத்துக்கு ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா குடுத்தவை, சனம் அதிலை 550 சதுர அடி வீடு கட்டி முடிச்சது. இப்ப அந்தக் காசுக்கு எதுவரை வரும் எண்டு எந்த மேசனைக் கேட்டாலும் சிரிப்பார். 2022 இலை சீமெந்துப் பை மூவாயிரம் தாண்டேக்கை அரைவாசியிலை நிப்பாட்டின வீடுகள் இப்பவும் கம்பி நீட்டிக்கொண்டு நிக்குது. அதாலை ஒரு அறை, குசினி, கக்கூஸ் எண்டு முதல் கட்டி, வாடகையை நிப்பாட்டி, அந்த வாடகைக் காசிலை மிச்சத்தைக் கட்டுறவைதான் நான் கண்ட அளவிலை தப்பினவை. முழுப் பிளானையும் ஒரேயடியாத் தொடங்கினவை வீட்டுக்கடனும் வாடகையும் ரெண்டும் கட்டிக்கொண்டு நிக்கினம். தனியார் துறையிலை கனகாலம் வேலை செய்தவை ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி) இலை 30 வீதம் வீடு கட்டுற வேலைக்கு எடுக்கேலும், வங்கிக்குப் போக முதல் அதை விசாரியுங்கோ.

கடைசியா ஒண்டு, உறுதியிலை "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பங்கும்" எண்டு ஒரு வரி வரும், பழைய உறுதி எண்டால் கட்டாயம் வரும். கிணறு ஆற்ற எல்லைக்குள்ளை, எத்தினை பேருக்குப் பங்கு, பம் பூட்ட விடுவினமோ எண்டு மற்றப் பங்குகாரரிட்டை நேரே போய்க் கதையுங்கோ. வாடகை வீடெண்டாலும் கிணறு இறைச்சுத் துப்பரவாக்கிற செலவு ஆற்ற தலையிலை எண்டதை ஒப்பந்தத்திலை எழுதுங்கோ, எங்களுக்கு அது புரட்டாசியிலை கிணத்துக்குள்ளை ஆளை இறக்கினாப் பிறகுதான் ஞாபகம் வந்தது.